வேருக்கு எட்டு ஜோடிக் கால்

வெங்காயம் நுழையாத ஒரு வீட்டுக்குள் புழுவைக் கொண்டுபோய் வைத்தவன் நான். ஒன்றிரண்டு அல்ல, அறுபது. அதைப் பெருமாள் முன்னால் வைக்கச் செய்து, பாலில் கலக்கச் செய்து, என் மாமனாரை நாற்பத்தெட்டு நாள் குடிக்கவும் வைத்தேன். இதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை ஈரமாகிவிடும். ஆகவே கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே இரண்டு மடங்கு அடி வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாமனார் வீட்டு மாடியில் நானும் மனைவியும் இருந்தோம். மாமியார் காலமாகி வெகு நாள். மாமனார் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், பார்வைக்கு இல்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் கையைப் பார்ப்பார். பயணச்சீட்டு எங்கே என்று கேட்காததுதான் பாக்கி. என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று மூன்று வருஷமாக நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுச் சட்டங்களைச் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு விளங்கும். வெங்காயம், பூண்டு கிடையாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் இங்கிலீஷ் காய்கள், பெருமாளுக்கு ஆகாது. காளான் என்று யாராவது சொன்னால் காதைத் துண்டால் துடைத்துக்கொள்வார். பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, முட்டை இல்லை என்று தீர்ந்த பிறகே உள்ளே விடுவார். எதைக் குடித்தாலும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். டம்ளரில் உதடு பட்டால் எச்சில்; எச்சில் பட்டதை இன்னொருவர் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில் நான் காப்பியை உதடு வைத்து உறிஞ்சியதைப் பார்த்துவிட்டு, “மாட்டுக்குத் தொட்டி வெச்ச மாதிரின்னா இருக்கு” என்றார்.

நான் அவ்வளவு சுத்தமானவன் இல்லை. தி.நகரில் என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு பேக்கரி. மாலையில் ஒரு முட்டை பப்ஸ், அதன்மேல் இரண்டு கிராம்பு, அப்புறம் ஐந்து பி பஸ். வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் மூக்கைச் சுருக்குவார். “பல்வலியா?” என்பார். “லேசா” என்பேன். மூன்று வருஷமாக எனக்குப் பல்வலி.

இப்படி இருக்கையில் அவர் முக்திநாத் யாத்திரை கிளம்பினார். இருபத்திரண்டு பேர் கொண்ட கோஷ்டி. வடக்கே போவதால் இந்தி தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் நான் தி.நகரில் இரண்டு இந்தித் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு அந்தச் சான்றிதழைப் பெரிதாகக் காட்டியும் வைத்திருந்தேன். என் இந்தி, ‘இது ஒரு மேஜை, அது ஒரு பசு’ என்ற இடத்தில் நின்றுபோயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கோஷ்டியின் மொழிபெயர்ப்பாளனாக நேபாளத்துக்குப் போய் இறங்கினேன்.

சேவித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜோம்சோம் என்ற ஊரில் காற்று அடித்து விமானம் வரவில்லை. மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். மாமனாரின் முட்டி வீங்கிவிட்டது. அப்போது பஞ்சு வைத்த சட்டை போட்ட ஒரு வியாபாரி வந்து, துணிப்பையைப் பிரித்துக் காட்டினான். விரலைவிடக் குட்டையான குச்சிகள். மஞ்சளும் பழுப்புமாக, வரிவரியாகச் சுருங்கி, சித்தரத்தைத் துண்டு மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் தீக்குச்சிபோலக் கறுப்பாக ஒரு தண்டு. அவன் மாமனாரின் முட்டியைத் தொட்டு, பத்து நிமிஷம் இந்தியில் பேசினான்.

“என்ன சொல்றான்?” என்றார் மாமனார்.

எனக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: பால், பலம், பனி. அதை வைத்து நான் ஒரு தலபுராணமே கட்டினேன். சாளக்கிராமம் விளையும் நதிக்கு மேலே, பனி உருகும் இடத்தில் முளைக்கும் வேர். ரிஷிகள் பாலில் உரைத்துச் சாப்பிடுவது. முட்டிக்கு விசேஷம். சொல்லச் சொல்ல எனக்கே பக்தி வந்தது. வியாபாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். தமிழ் தெரியாதவன் வேறென்ன செய்வான்?

மாமனார் அறுபது எடுத்துக்கொண்டார். ஒரு மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு, மிச்சம் பன்னிரண்டு பத்திரத்துக்கு.

ஊருக்கு வந்ததும் அந்த வேர்கள் பித்தளைச் சம்புடத்தில், பூஜை அலமாரியில், சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. தினமும் விடிகாலை மாமனார் ஒன்றை எடுத்துக் கல்லில் பால் விட்டு உரைப்பார். அந்த விழுதைச் சுண்டக் காய்ச்சிய பாலில் கரைத்து, பெருமாளுக்குக் காட்டி, அண்ணாந்து குடிப்பார். கறுப்புத் தண்டும் வரித் தோலும் கல்லில் கரைந்துவிடும். அவருக்கு ஒரு கண்ணில் புரை வேறு.

மூன்றாவது வாரம் முட்டி வீக்கம் வடிந்தது. வேரா, வெந்நீர் ஒத்தடமா, பெருமாளா, யார் கண்டார்கள். மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “காத்து நன்னா வரதே” என்றார். தெருவில் பார்ப்பவர்களிடம் எல்லாம், “மாப்பிள்ளை கண்டுபிடிச்ச வேர்” என்றார். எனக்கு இது எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மாதம் நான் முட்டை பப்ஸைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

மண்டலம் முடிந்ததும் அவர் ஒரு முடிவெடுத்தார். யாத்திரை கோஷ்டி முழுக்க வீட்டுக்கு அழைத்து ததியாராதனை, அதாவது அடியார்களுக்கு விருந்து. மிச்சமுள்ள வேரைப் பாலில் சேர்த்து, பெருமாளுக்குக் காட்டி, தீர்த்தம் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒரு உத்தரணிக் கரண்டி.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் சம்புடத்தை வெயிலில் வைத்தபோது நான் ஒரு வேரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெருமையடிக்கத்தான். அடையாறில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் என் நண்பன் வருவான். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உழைத்த கத்தோலிக்கக் குடும்பம். பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன். வகுப்பில் சுத்தத் தமிழ், டீக்கடையில் சொந்தத் தமிழ்.

அவன் குச்சியை வாங்கிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி லென்ஸாகப் பிடித்து மறுபடி பார்த்தான்.

“இத்த இன்னான்னு சொன்ன?”

“வேர். இமயமலை வேர்.”

“வேருக்கு இன்னாத்துக்கு மச்சி காலு?”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாகக் காட்டினான். முன்னால் மூன்று ஜோடி, நடுவில் நான்கு, வாலில் ஒன்று. ஆக எட்டு.

“புழுடா இது. ஒரு விட்டில் பூச்சியோட புழு. மண்ணுக்குள்ள வேரைத் துன்னுகினு சும்மா கெடக்கும். ஒரு காளான் அதுக்குள்ள பூந்துரும். பூந்து, உள்ள கீறதெல்லாம் துன்னுட்டு, தோலை மட்டும் வுட்டுவெக்கும். அப்பால பனி உருகுற டைம்ல தலையப் பொத்துகினு மேல வரும். இந்தக் கறுப்புக் குச்சி கீதே, அதான் காளான். கீழ கீறது புழுவோட தோலு, உள்ள ஃபுல்லா காளான்.”

“இதை மனுஷா யாராவது திம்பாளாடா?”

“தெரிஞ்சேதான் துன்றாங்க. மலையில முட்டி போட்டு ஒண்ணொண்ணா தேடுறாங்க. வாத்துக் கறியோட வேக வெச்சுத் துன்றவங்களும் கீறாங்க. ஒட்டுண்ணிக்கு இவ்ளோ மரியாதை வேற எங்கயும் கெடையாது. ஏன் மச்சி மூஞ்சி இப்டி போவுது? யார்னா துன்னுட்டாங்களா?”

“மாமனார்.”

“எத்தினி?”

“நாப்பத்தெட்டு.”

அவன் டீயைக் கீழே வைத்தான். “அவரு சுத்த சைவமாச்சே.”

“பெருமாளுந்தான்” என்றேன்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பெஞ்சில் குப்புறக் கவிழ்ந்து தோள் குலுங்கினான். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேர்வையாக மாறியது. காளான் என்ற சொல்லுக்கே காதைத் துடைப்பவர், காளானையும் புழுவையும் ஒன்றாகக் குடித்திருக்கிறார். இது தெரிந்தால் அவர் என்னை வீட்டைவிட்டு அனுப்புவார் என்பது சின்ன விஷயம். அவர் அறுபத்தெட்டு வருஷமாகக் காப்பாற்றிவந்த ஒன்றை நான் ஒரு பொய்யால் கெடுத்துவிட்டேன். தெரியாவிட்டால், நாளை மறுநாள் மேலும் இருபத்தோரு பேர்.

பஸ்ஸில் வரும்போது உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்குள்ளும் ஒன்று புகுந்து தின்றுகொண்டிருந்தது. எந்த நேரமும் தலையைப் பொத்துக்கொண்டு வரலாம். பக்கத்தில் நின்ற அம்மாள், பேன் என்று நினைத்து இரண்டடி தள்ளிப் போனார்.

மனைவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். “அப்பாகிட்ட சொன்னா அப்பா தாங்கமாட்டார். சொல்லாம இருந்தா நான் தாங்கமாட்டேன். நீங்கதானே ஆரம்பிச்சேள், நீங்களே முடிங்கோ” என்றாள். சமையலறைக்கு இரண்டு வாசல். இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சாத்திவிட்டாள்.

சம்புடத்தைத் தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். பூஜை அலமாரியின் சாவி மாமனாரின் பூணூலில் கட்டியிருந்தது. அவர் குளிக்கும்போதும் அது கழலாது. விருந்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று தெருமுனை எஸ்.டி.டி. கடையிலிருந்து குரலை மாற்றி வீட்டுக்கே போன் செய்தேன். மாமனார் எடுத்தார். “யார் பேசறது?” நான் மூச்சுவிட்டேன். “மாப்பிள்ளை, வரச்சே வாழையிலை ரெண்டு கட்டு வாங்கிண்டு வாரும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விருந்து நாள் வந்தது. மாமனார் விடிவதற்கு முன்பே குளித்து, ஒவ்வொரு வேராக உரைத்து முடித்திருந்தார். நான் எழுந்து வந்தபோது எல்லாம் வெள்ளிச் சொம்பில் பாலோடு கலந்து, குங்குமப்பூ மிதக்க, பெருமாளுக்குக் காட்டியும் ஆகிவிட்டது. இனி அது பிரசாதம். கீழே கொட்ட முடியாது. யாராவது குடித்தே ஆக வேண்டும்.

கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை. பந்தியில் உட்கார்ந்துவிட்டால், எல்லாரும் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் இன்னொரு சட்டம். எனக்கு வரிசையின் தலையில் இடம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நூறு கிலோ எடையுள்ள ஒரு யாத்திரிகர். முன்னால் இலை. 

மாமனார் சொம்போடு நடுவில் வந்து நின்றார். முட்டி வலி இல்லாமல் நிமிர்ந்து நின்றார் என்பதுதான் என்னை வதைத்தது.

“இந்த வேரைப் பத்தி நான் சொல்றதைவிட மாப்பிள்ளை சொன்னாத்தான் சரியாயிருக்கும்” என்றார். “கொண்டுவந்தவருக்குத்தான் முதல்ல. இந்தாரும்.”

உத்தரணி சொம்புக்குள் கிடந்தது. சொம்பு என் கையில். நாற்பது கண்கள் என் வாயில். நான் எழுந்து நின்றேன். வேர் என்று சொல்ல வாய் வரவில்லை. புழு என்று சொல்லவும் வரவில்லை. எதிர் வரிசையில் ஒரு கிழவர் உள்ளங்கையைக் குழித்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உத்தரணியை எடுத்து இலையில் வைத்துவிட்டு, சொம்பைத் தூக்கி, உதட்டில் வைத்து, உறிஞ்சினேன்.

சத்தமாகவே உறிஞ்சினேன். ஐயத்துக்கு இடம் வைக்கக்கூடாது.

“எச்சில் பண்ணிட்டாரே” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நீட்டிய கையைக் கிழவர் மடக்கிக்கொண்டார். பெருமாளின் வெள்ளிச் சொம்பில், முப்பத்துநாலு வயது ஆள், மாடு தொட்டியில் குடிப்பதுபோலக் குடித்ததை இருபத்தோரு பேரும் பார்த்தார்கள். மாமனார் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கால்களைத்தான் பார்த்தேன்.

ஆனால் எச்சிலானாலும் பிரசாதம் பிரசாதம்தானே. மீதியையும் நானே முடிக்க வேண்டியிருந்தது. பதினோரு புழு. லேசாக மண் வாசனை, அடியில் காளான் வாசனை, மேலே குங்குமப்பூ. சுவை மோசம் என்று சொல்லமாட்டேன். சொம்பை வைத்தபோது மீசையில் பால். அதற்குப் பிறகு முழு விருந்து: புளியோதரை, அக்காரவடிசல், மூன்று தடவை சாதம். யாரும் என்னோடு பேசவில்லை. எழுந்திருக்கவும் முடியாது. உள்ளே எண்பத்தெட்டு ஜோடிக் கால்கள் நடக்கின்றன என்று கணக்குப் போட்டேன். முட்டை பப்ஸ் இவ்வளவு நாள் என் வயிற்றைப் பழக்கிவைத்தது இதற்காகத்தான் என்று தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

எல்லாரும் போன பிறகு, நான் நின்றிருந்த கிணற்றடிக்கு மாமனார் வந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷம் ரயில்ல பாத்திருக்கேன்” என்றார். “டிக்கெட் இல்லாதவன்தான் வண்டி நிக்கறதுக்கு முன்னாடி குதிப்பான். நீர் எதுக்குக் குதிச்சீர்?”

சொன்னேன். இந்தி தெரியாது என்பதிலிருந்து ஆரம்பித்து, எட்டு ஜோடிக் கால் வரைக்கும். முட்டை பப்ஸையும் சொல்லிவிட்டேன். வாய் திறந்தபின் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நாப்பத்தெட்டு” என்றார்.

“நாப்பத்தெட்டு.”

“முதல்ல பெருமாளுக்குக் காட்டிட்டுத்தான் குடிச்சேன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு விடுதலை கிடைத்திருக்கும். கிணற்றில் நீர் சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டார். ஒரு வாளி, இரண்டு வாளி. எண்ணுவதை நான் நிறுத்திக்கொண்டேன். அடுத்த பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. விரதம் இருந்தார். ஒரு நாள் பஞ்சகவ்யம் கலந்து தானும் சாப்பிட்டு, எனக்கும் ஒரு உத்தரணி கொடுத்தார். பசுவின் பால், தயிர், நெய்யோடு, பசு கொடுக்கும் மற்ற இரண்டும் சேர்ந்தது அது. அண்ணாந்து குடித்தேன். ஒரு சொட்டும் உதட்டில் படவில்லை. முட்டி வீக்கம் திரும்பி வந்தது. படியேறி வருவது நின்றது. நானும் மனைவியும் மாடியில் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

பதினோராம் நாள் காலை கீழேயிருந்து கூப்பிட்டார்.

“கல்லுல உரைச்சப்போ பதினொண்ணுதான் இருந்தது. பன்னண்டு இருக்கணும். ஒண்ணு உம்ம கிட்டயா?”

என் சட்டைப்பையில்தான் இருந்தது. எறியத் துணியாமல் சட்டைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வெற்றிலையில் வைத்து மடித்தார். இன்னொரு பொட்டலத்தில் கொஞ்சம் எள். “ஆட்டோ கூப்பிடும்” என்றார்.

சாந்தோம் பக்கம் கடற்கரை. வெயில் ஏறவில்லை. மணலில் அவரால் நடக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிடி டிக்கெட் இல்லாதவனைப் பிடிப்பது போலத்தான் இருந்தது. அலை வந்து கால் நனையும் இடத்தில் நின்றார்.

“அறியாம சாப்பிட்டதுக்கு விரதம் இருந்தாச்சு” என்றார். “இதுக்கு யாரும் ஒண்ணும் பண்ணலையே. அதுபாட்டுக்கு மண்ணுக்குள்ள இருந்தது.”

வெற்றிலையைப் பிரித்து, கையில் எள்ளும் நீரும் எடுத்துக்கொண்டவர், பாதியில் நிறுத்தினார். “கோத்ரம்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தானே பதில் சொன்னார்: “தெரியாதவாளுக்கு காச்யப கோத்ரம்.” உதட்டுக்குள் ஏதோ சொல்லி நீரை விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் இல்லாததால்தானோ என்னவோ.

பிறகு குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார், புரை விழாத கண்ணுக்குக் கிட்டத்தில்.

“இதைக் கொன்னது அந்தக் காளான்தானே?”

“ஆமாம்.”

“அதுவும் இதுக்குள்ளதான் செத்துக் கிடக்கு.”

“ஆமாம்.”

“அப்ப அதுக்கும் சேத்து விடணுமோ?”

ஒரு ரிஷி, ஒரு நதி, ஒரு தலபுராணம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார், டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல. பிறகு பொட்டலத்தில் மிஞ்சிய எள்ளை எடுத்து இரண்டாம் தடவையும் நீர் விட்டார். குச்சியைத் தண்ணீரில் போட்டார். அலை அதை எடுத்துக்கொண்டு போய், அடுத்த அலையில் எங்கள் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. மூன்று தடவை அப்படி. நான்காவது தடவை நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்த் தூர வீச வேண்டியிருந்தது.

“பாத்து வா” என்றார் பின்னாலிருந்து. “அலை இழுத்துண்டு போயிடப்போறது. நீ போயிட்டா நான் யாரைப் பிடிச்சிண்டு ஆட்டோவரைக்கும் போறது?”